ஹாமர் பவளத்தின் தண்டில் பச்சைப் பாசி: பிடுங்கினாலும் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறது

நீலவிளக்கு:

எல்லோருக்கும் வணக்கம். இங்குள்ள பழைய பதிவுகளைப் படித்துப் படித்துத்தான் மூன்று மாதமாகச் சமாளித்து வந்தேன். இனித் தனியாக முடியாது என்று தோன்றுகிறது, அதனால் கேட்கிறேன்.

கடல்நீர்த் தொட்டி 180 லிட்டர், கீழே சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டி) ஒரு 50 லிட்டர். ஓடத் தொடங்கி 14 மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு லான்மோவர் ப்ளென்னி, ஒரு க்ளீனர் இறால். பவளங்களில் ஏழு தலை ஹாமர், இரண்டு தலை டார்ச், இரண்டு சோவா திட்டு, தட்டு போல வளரும் மாண்டிபோரா ஒன்று. ஹாமர்தான் நான் முதன்முதலில் வாங்கியது. வரும்போது இரண்டே தலை. அது ஏழானதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதனால்தான் இவ்வளவு பதற்றம்.

நான்கு மாதத்துக்கு முன் கிராமா வந்தது. அது சரியாகச் சாப்பிடவில்லை என்று உறைந்த இறால் உணவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அடுத்த மாதமே பாறைகளில் பச்சையாக முடி போலப் பாசி. சோதித்தபோது பாஸ்பேட் 0.22 இருந்தது. உடனே ரியாக்டரில் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்) போட்டேன். சொன்ன அளவை விட இரண்டு மடங்கு. ஒரே வாரத்தில் 0.00 ஆகிவிட்டது, மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பாசி போகவில்லை. பாறையிலிருந்து பவளத்துக்கு ஏறிவிட்டது.

இப்போதைய நிலை: ஹாமரின் தண்டு முழுவதும் கரும்பச்சைக் கொத்துகள். ஓரத்தில் இருக்கும் தலை பகலில்கூடப் பாதிதான் விரிகிறது. மாண்டிபோராவின் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்து, அந்த வெள்ளையின் மேல் பாசி உட்கார்ந்திருக்கிறது. சோவா திட்டில் மொட்டுகளுக்கு நடுவே பாசி புகுந்து, பாதி மொட்டுகள் மூடியே கிடக்கின்றன. வாரம் ஒருமுறை கையால் பிடுங்குகிறேன். ஏழாம் நாள் அதே நீளம்.

உப்புத்தன்மை 1.026, வெப்பம் 25.5, கால்சியம் 430, மெக்னீசியம் 1320, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.00. கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை) 7.8 இருந்தது. மாண்டிபோரா வெளுக்க ஆரம்பித்ததும் பயந்து கேஎச் ஏற்றும் மருந்தைக் கூட்டினேன், இப்போது 9.8.

பாஸ்பேட் பூஜ்யமாக இருந்தும் இது எதைத் தின்று வளர்கிறது? தொட்டி முழுவதற்கும் பெராக்சைடு ஊற்றலாமா? மூன்று நாள் விளக்கை அணைத்து, துணியால் மூடி வை என்று ஒருவர் சொன்னார். பவளத்துக்குச் சேதமில்லாமல் என்ன செய்வது?

---

மணல்நண்டு:

முதலில் மூன்று கேள்வி. ஆர்ஓ தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) எவ்வளவு? பாஸ்பேட்டை எதில் அளக்கிறீர்கள்? நிற அட்டையோடு ஒப்பிடும் கிட் என்றால் 0.00க்கும் 0.05க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாவது, நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கில், ஒரு லென்ஸ் வைத்து அந்தப் பாசியைப் பாருங்கள். வெறும் நூல் போல இருக்கிறதா, அல்லது நடுவில் ஒரு காம்பும் இருபுறமும் இறகு மாதிரிக் கிளைகளுமாக இருக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சோவாவுக்கு நான் செய்து பலன் கண்டதைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மில்லி. அதில் ஐந்து நிமிடம் முக்கி, வேறு தொட்டித் தண்ணீரில் நன்றாக அலசித் திருப்பி வையுங்கள். முக்கும்போதே பாசியிலிருந்து நுரை கிளம்பும். இரண்டு மூன்று நாளில் பாசி வெளுத்து உதிரும். சோவா ஓரிரு நாள் மூடியிருந்து பிறகு திறக்கும். முதலில் ஒரு சிறு துண்டில் மட்டும் செய்து பாருங்கள்.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: சோவாவைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோவா, பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது சாறு கண்ணில் தெறிக்கலாம், விரல் வெட்டுக்குள் போகலாம். அந்தக் கல்லின் மேல் வெந்நீர் ஊற்றுவதோ அதைக் கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தொட்டி முழுவதற்கும் பெராக்சைடு வேண்டாம். க்ளீனர் இறால் தாங்காது.

---

ஆழிச்சங்கு:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பாசி பவளத்துக்கு "ஏறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லில்தான் எனக்குச் சம்மதமில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உயிருள்ள பவளச் சதையின் மேல் முடிப்பாசி வேர் விடாது. சதை தன் மேல் சளியைச் சுரந்து, விழுவதை எல்லாம் தள்ளிக்கொண்டே இருக்கும். கொட்டும் செல்களும் அதற்கு உண்டு. பாசிக்கு வேண்டியது வெறும் சுண்ணாம்புக் கூடு. சதை பின்வாங்கிய இடம், உடைந்த இடம், ஃப்ராக் (வெட்டி நட்ட பவளத் துண்டு) ஒட்டிய ப்ளக், ஹாமரின் தண்டில் சதைக்குக் கீழே இயல்பாகவே காலியாக இருக்கும் பகுதி. உங்கள் மாண்டிபோராவை நினைத்துப் பாருங்கள். முதலில் வெளுத்ததா, முதலில் பாசி வந்ததா? வெளுத்த விளிம்பின் மேல் பாசி உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாசி அங்கே காலி இடத்தில் குடியேறியது, அவ்வளவுதான். இடத்தைக் காலி செய்தது எது என்பதுதான் கேள்வி.

என் பதில்: அந்த ஜிஎஃப்ஓ. 0.22 இருந்த பாஸ்பேட்டை ஒரே வாரத்தில் பூஜ்யத்துக்கு இழுத்தீர்கள். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகளுக்கும் பாஸ்பேட் வேண்டும், பவளத்துக்கும் வேண்டும். பட்டினி கிடக்கும் நேரத்தில் கேஎச்சை 7.8-லிருந்து 9.8-க்கு ஏற்றினீர்கள். சத்து இல்லாத தண்ணீரில் கேஎச் உயர்ந்தால் மாண்டிபோரா, அக்ரோபோரா போன்றவை நுனியிலும் விளிம்பிலும் கருகுவதை நான் என் தொட்டியிலேயே பார்த்திருக்கிறேன். முதல் முறை நடந்தபோது நானும் பாசியைத்தான் குற்றம் சொன்னேன்.

சரி, பூஜ்யத்தில் பாசி எப்படி வளர்கிறது? சோதனைக் குழாய் காட்டுவது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும். பாசி தின்றது அதில் வராது. அப்புறம் பாறை. நம் பாறையும் மணலும் சுண்ணாம்பு, அது பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நான்கு மாதம் தாராளமாக உணவு போட்டபோது பாறை நிறைந்துவிட்டது. தண்ணீரில் குறையக் குறையப் பாறை வெளியே விடும். அந்தப் பாறையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பாசிக்குத்தான் முதல் பங்கு. தண்ணீரைப் பூஜ்யமாக்கினால் பட்டினி கிடப்பது பவளம், பாசிக்கு அடுக்களையிலேயே இடம்.

இன்னும் பூஜ்யத்திலேயே வைத்திருந்தால் டைனோ என்ற நுண்ணுயிர் வரும். பழுப்பாக, சளி மாதிரி, குமிழிகளோடு, பகலில் பெருகி இரவில் குறையும். அது வந்தவர்கள் பழைய முடிப்பாசியே திரும்பி வரட்டும் என்று வேண்டுவார்கள்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜிஎஃப்ஓவை இன்றே எடுத்துவிடுவேன். பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1-க்குள், நைட்ரேட் 5-லிருந்து 10-க்குள் நிற்கும்படி பார்ப்பேன். கேஎச்சை ஒரே நாளில் இறக்க வேண்டாம், மருந்தைக் குறைத்துத் தானாக 8.3 பக்கம் வரவிடுங்கள். உணவைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். உருக வைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

விளக்கை அணைத்து மூடுவது வேண்டவே வேண்டாம். சதை பின்வாங்கிக்கொண்டிருக்கும் பவளத்திடமிருந்து வெளிச்சத்தையும் பறித்தால் அதற்கு மிஞ்சுவது என்ன?

அதே சமயம் பாசியைச் சும்மா விடவும் கூடாது. வந்தது பிறகுதான் என்றாலும், வந்தபின் அது விளிம்பை அரிக்கிறது. நிழல் விழுகிறது, அலையில் ஆடி ஆடிச் சதையை உரசுகிறது, குப்பையைப் பிடித்து வைக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2006-ல் வெளியான ஒரு ஆய்வில் பவளத்தையும் பாசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கிருமிகூடப் புக முடியாத நுண்ணிய வடிகட்டியால் பிரித்தார்கள். தொடவே இல்லை, ஆனாலும் பவளம் செத்தது. கிருமிக்கொல்லி சேர்த்த தண்ணீரில் சாகவில்லை. பாசி கசியவிடும் சர்க்கரையைத் தின்று பவளத்தின் மேலுள்ள பாக்டீரியா பெருகுகிறது, அது பிராணவாயுவை உறிஞ்சிவிடுகிறது என்பது விளக்கம். இதைப் படித்து யாரும் தொட்டியில் ஆன்டிபயாடிக் போட்டுவிடாதீர்கள், உயிரியல் வடிகட்டலே போய்விடும். ஹாமர் பக்கம் நீரோட்டம் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பவளத்தின் கைகள் மெல்ல ஆட வேண்டும், ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கக் கூடாது.

தண்டுக்கு: ஹாமரை வெளியே எடுங்கள். தலை கீழே தொங்கும்படி பிடித்து, சதை தொட்டித் தண்ணீரில் நனைந்திருக்க, தண்டு மட்டும் மேலே இருக்கட்டும். முதலில் கொத்துகளை இடுக்கியால் பிடுங்கி, மென்மையான பல் பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு 3 சதவீத பெராக்சைடைச் சின்னத் தூரிகையால் தண்டில் தடவி ஒரு நிமிடம். சதைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழேயே நிறுத்திவிடுங்கள். அலசித் திருப்பி வையுங்கள். பாறையில் பிடுங்கும்போது பக்கத்திலேயே ஒரு சைபன் குழாய் ஓடட்டும், இல்லாவிட்டால் மிதக்கும் துண்டுகள் வேறு இடத்தில் முளைக்கும்.

மேய ஆள் வேண்டும். உங்களிடம் ஒரு ப்ளென்னி மட்டும்தான் இருக்கிறது, அதுவும் நீளமான பாசியைப் பெரிதாகத் தொடாது. ட்ரோகஸ் நத்தை ஆறேழு விடுங்கள், கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். அஸ்ட்ரியாவுக்கு அது முடியாது, மல்லாந்து கிடந்தே சாகும். டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் ஒட்டாத ஃப்ராக்குகளை உருட்டிவிடும். கடல் முயலை (பாசி தின்னும் ஒரு கடல் நத்தை வகை) யாராவது சிபாரிசு செய்வார்கள். பத்து நாளில் சுத்தம் செய்துவிடும், உண்மைதான். அப்புறம் பாசி தீர்ந்து பட்டினியில் சாகும், பவர்ஹெட்டில் (நீரோட்ட மோட்டார்) சிக்கினால் தொட்டியே ஆபத்தில். திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மேய்கிறவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலே காட்டியிருக்கிறது. கரீபியனில் டையடெமா என்ற நீள முள் கொண்ட கடல் முள்ளெலி 1983-ல் ஒரு நோயால் சாகத் தொடங்கியது. ஏறத்தாழ ஓராண்டில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டது. ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் 1970-களின் இறுதியில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 90-களின் தொடக்கத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழே. புயல் ஏற்கெனவே உடைத்திருந்தது, பாசி தின்னும் மீன்களைப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள், மேய மிச்சம் இருந்த ஒரே ஆள் இந்த முள்ளெலி. புயல் காலி செய்த இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது, விலக்க யாரும் இல்லை. உங்கள் மாண்டிபோராவின் விளிம்பைப் பற்றி எழுதும்போது எனக்கு இதுதான் நினைவில் ஓடுகிறது.

---

நீலவிளக்கு:

ஆழிச்சங்கு அண்ணா, நீங்கள் கேட்டதற்காகப் பழைய படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். மாண்டிபோரா வெளுத்த படத்தில் பாசி ஒரு இழைகூட இல்லை. பதினோரு நாள் கழித்து எடுத்த படத்தில்தான் இருக்கிறது. நான் வரிசையைத் தலைகீழாக நினைத்திருந்தேன். ஜிஎஃப்ஓவை நேற்றே எடுத்துவிட்டேன்.

மணல்நண்டு கேட்டவை: டிடிஎஸ் 14! ஆர்ஓ வடிகட்டியின் ரெசின் நிறம் மாறி மாதக்கணக்காகியிருக்க வேண்டும், நான் திறந்தே பார்க்கவில்லை. வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது நானே தீனி ஊற்றியிருக்கிறேன். பாஸ்பேட்டுக்கு நிற அட்டைக் கிட்தான் வைத்திருந்தேன். தெரிந்தவரிடம் டிஜிட்டல் மீட்டர் இரவல் வாங்கி அளந்தேன். பாஸ்பரஸ் 3 பிபிபி (நூறு கோடியில் 3 பங்கு) என்று காட்டியது. 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் 0.009. ஆக, உண்மையிலேயே பட்டினிதான்.

லென்ஸில் பார்த்தேன். பாறையிலும் சோவாவிலும் இருப்பது வெறும் நூல். ஹாமர் தண்டில் இருப்பது அப்படி இல்லை. நடுவில் காம்பு, இருபுறமும் சின்னச் சின்னக் கிளைகள், குட்டி இறகு போல. பிரஷ் போட்டுத் தேய்த்தும் அடி வரவில்லை.

---

அலைக்கரை:

அந்த இறகு பிரையாப்சிஸ் என்ற பாசி. தண்டின் துளைகளுக்குள் அடி போய்விடும், அதனால்தான் பிடுங்கப் பிடுங்க வருகிறது. நத்தை பெரும்பாலும் தொடாது. பெராக்சைடு மேலே இருப்பதை வெளுக்கும், அடியிலிருந்து மறுபடி கிளம்பும். நான் இரண்டு வருடம் இதோடு போராடியவள், அதனால் உங்கள் ஆதங்கம் புரிகிறது.

எனக்குக் கைகொடுத்தது ஃப்ளூகோனசோல். மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துதான். மீன் பொழுதுபோக்கில் பலர் பயன்படுத்தும் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். தொட்டியின் கொள்ளளவை எடுக்காதீர்கள், பாறையும் மணலும் போக உள்ள தண்ணீரைக் கணக்கிடுங்கள். உங்களுடையது 230-ல் சுமார் 190 லிட்டர் இருக்கும் என்றால் 950 மில்லிகிராம். பொடியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி, நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் ஊற்றுங்கள். கார்பனை எடுத்துவிட வேண்டும், யூவி இருந்தால் நிறுத்த வேண்டும். ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவை எடுக்கும் கருவி) கப்பை எடுத்துவிட்டுக் காற்றுக்காக ஓடவிடலாம். 14-லிருந்து 21 நாள் தண்ணீர் மாற்றாமல் பொறுங்கள்.

முதல் வாரம் ஒன்றுமே நடக்காது. நான் மருந்து போலியோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் நுனிகள் சாம்பல் நிறமாகும். அது சாகும்போது சத்தெல்லாம் தண்ணீருக்குத் திரும்பும், ஆகவே மருந்துக்கு முன்பே முடிந்த அளவு பிடுங்கி எடுத்துவிடுங்கள். முடிந்ததும் பெரிய தண்ணீர் மாற்றம், கார்பன்.

ஆனால் இப்போதே ஆரம்பிக்காதீர்கள். ரெசின் மாற்றி, பாஸ்பேட் 0.03 தாண்டி இரண்டு மூன்று வாரம் நிலையாக நின்ற பிறகு போடுங்கள். பட்டினியில் இருக்கும் பவளத்துக்கு மேலும் ஒரு மாற்றம் வேண்டாம். எனக்கு எந்தப் பவளமும் போகவில்லை, ஆனால் என் பவளங்கள் அப்போது தெம்பாக இருந்தன.

---

நீலவிளக்கு:

பத்து வாரம் ஆகிவிட்டது. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவனாக இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

ரெசின் மாற்றினேன், டிடிஎஸ் 0. கேஎச் மூன்று வாரத்தில் 8.3-க்கு வந்து அங்கேயே நிற்கிறது. ஜிஎஃப்ஓ எடுத்த பிறகு பாஸ்பேட் தானாக ஏறியது, பாறை விடுகிறது என்று அண்ணா சொன்னது அப்படியே. நேற்று மீட்டரில் பாஸ்பரஸ் 20, அதாவது பாஸ்பேட் 0.06. நைட்ரேட் 6.

சோவாவை இரண்டு முறை முக்கினேன், பத்து நாள் இடைவெளியில். கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டுதான். ஒரு திட்டு முழுவதும் திறந்துவிட்டது. மற்றதில் நடுவில் வழுக்கை விழுந்த இடம் இன்னும் மூடவில்லை. ஏழு ட்ரோகஸ் விட்டேன். பாறைப் பாசியைக் கையால் குட்டையாக்கிக் கொடுத்த பிறகுதான் தின்ன ஆரம்பித்தன. நீளமாக இருந்தவரை அந்தப் பக்கமே போகவில்லை. இதை யாரும் சொல்லவில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு உதவலாம்.

அலைக்கரை அக்கா, ஐந்தாவது வாரம் ஃப்ளூகோனசோல் போட்டேன். ஏழு நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் காலை நுனிகள் வெளுத்திருந்தன. பதினாறாம் நாள் தண்டு வெறும் வெள்ளை. அதன் பிறகு மணலில் சிவப்பு சயனோ (பாக்டீரியாப் படலம்) வந்தது. தொடாமல், சைபனில் மட்டும் உறிஞ்சி எடுத்தேன். இரண்டு வாரத்தில் குறைந்துவிட்டது. இறால் நலம்.

ஹாமரின் ஓரத்துத் தலையைக் காப்பாற்ற முடியவில்லை. மருந்து போடும் முன்பே, நான்காவது வாரத்தில் சதை கழன்றுவிட்டது. அன்று முழுவதும் தொட்டிப் பக்கம் போக மனம் வரவில்லை.

மாண்டிபோராவின் வெளுத்த விளிம்பின் மேல் ஊதா நிறத்தில் புதுச் சதை ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், நான்கு மில்லிமீட்டர். ஹாமரில் மிச்சமுள்ள ஆறு தலைகளில் நடுவில் இருப்பது நீளவாக்கில் விரிந்து, அதில் இப்போது இரண்டு வாய் தெரிகிறது.